குழாய் வராத வீட்டுக்கு எந்தத் தொட்டி?

கேள்வி: நான் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் 1936-இல் இங்கே ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். என் இரு பிரசவங்களின்போதும் தாய்க்குத் தாயாக உடனிருந்தவர். அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு, அவர் வளர்ந்த வீட்டை ஓரடிக்கு ஓரங்குலம் என்ற அளவில் பொம்மை வீடாகச் செய்து தர விரும்புகிறேன். சமையலறையும் படுக்கையறையும் முடிந்துவிட்டன. பொன்னிறக் கால்கள் வைத்த வெள்ளைக் குளியல் தொட்டி ஒன்றும், கதவில் பிறை வெட்டிய கொல்லைக் கழிப்பறை ஒன்றும் கடையில் வாங்கி வைத்திருக்கிறேன். "பிறந்தநாள் பரிசில் கக்கூஸா?" என்று என் கணவர் முகம் சுளிக்கிறார். வைக்கலாமா? தொட்டியை எந்த அறையில் வைப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கழிப்பறையை வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் வாங்கி வைத்திருக்கும் இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து நிற்கக்கூடியவை அல்ல. கொல்லையில் கழிப்பறை இருந்தது என்றால், பெரும்பாலும் அந்த வீட்டுக்குள் குழாய் நீர் வரவில்லை என்று பொருள். ஐந்தடி நீளமுள்ள வார்ப்பிரும்புத் தொட்டி நிரம்ப ஏறத்தாழ 150 லிட்டர் நீர் வேண்டும். அத்தனையையும் கைப்பம்பில் அடித்து, வாளியில் சுமந்து வந்து, விறகடுப்பில் காய்ச்சி ஊற்றி, குளித்து முடித்த பிறகு மறுபடியும் வாளி வாளியாக மொண்டு வெளியே கொட்ட எந்தப் பண்ணை வீட்டுப் பெண்மணிக்கும் உடம்பில் தெம்பு இருந்திருக்காது. ஆகவே "எந்த அறையில்?" என்ற உங்கள் கேள்விக்கு விடை சமையலறை, தொட்டியோ, நீங்கள் வாங்கியது அல்ல.

அந்த அம்மையார் பிறந்த காலத்தில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்வதற்கான அரசு அமைப்பு 1935-இல்தான் தொடங்கப்பட்டது. மின்சாரம் வந்த பிறகே கிணற்று நீரை வீட்டுக்குள் ஏற்றும் மோட்டார் பம்பும், அதன் பின்னே குளியலறையும் பெரும்பாலான பண்ணைகளில் சாத்தியமாயின. 1940-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நகரங்களையும் சேர்த்தே, வெந்நீரும் தண்ணீரும் வரும் குழாய், குளியல் தொட்டி அல்லது ஷவர், நீர் பாய்ச்சும் கழிப்பறை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இல்லாத வீடுகள் ஏறக்குறைய பாதி. ஊரில் பாதிப்பேர் வாழ்ந்த வாழ்க்கையில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அதற்கும் அவர் இறங்கி வராவிட்டால், இங்கிலாந்தின் மேரி ராணிக்காக எட்வின் லட்டியன்ஸ் வடிவமைத்து 1924-இல் முடிந்த புகழ்பெற்ற பொம்மை வீட்டைக் காட்டுங்கள். வின்ட்சர் கோட்டையில் உள்ள அந்த வீட்டின் குழாய்களில் உண்மையாகவே நீர் வரும், கழிப்பறையில் நீர் பாய்ந்து இறங்கும். உங்கள் வீட்டின் அளவும் அதன் அளவும் ஒன்றே, ஓரடிக்கு ஓரங்குலம்தான்.

முதலில் தொட்டியைப் பார்ப்போம். துத்தநாகம் பூசிய தகரத்தாலான, இரு பக்கமும் பிடி வைத்த வட்டமான துணி துவைக்கும் தொட்டிதான் சனிக்கிழமை இரவில் குளியல் தொட்டியாக மாறியது. மறுநாள் தேவாலயத்துக்குப் போக வேண்டுமே. அடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் வெந்நீர்க் கலத்திலிருந்தும் கெட்டிலிலிருந்தும் நீர் ஊற்றி, ஒரே நீரில் வீட்டார் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தார்கள். இடையிடையே ஒரு கெட்டில் வெந்நீர் கூட்டப்படும். தகப்பனார் முதலா, குழந்தைகள் முதலா என்பது வீட்டுக்கு வீடு வேறுபட்டது. மற்ற நாள்களில் தொட்டி வெளிச்சுவரில் ஆணியில் தொங்கும்.

ஈரடி விட்டமும் ஓரடிக்குச் சற்றுக் குறைந்த உயரமும் உள்ள அந்தத் தொட்டி, உங்கள் அளவில் இரண்டங்குல விட்டமும் ஓரங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரமுமாக இருக்கும். குளிர்பானக் கேனின் அலுமினியத் தகட்டை வெட்டிச் செய்யலாம். விளிம்பு கையைக் கிழிக்கும், கையுறை அணிந்துகொள்ளுங்கள். தொட்டி மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருப்பதால், தகட்டை நேரான பட்டையாக வெட்டாமல் வில் போல் வளைவாக வெட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் செய்தால் கிடைப்பது தொட்டியல்ல, டப்பா. வாயைச் சுற்றி மெல்லிய கம்பியை ஒட்டினால் சுருட்டிய விளிம்பு வந்துவிடும். அலுமினியத்தின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்துக் கொன்று, சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று சாயல்களைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். நீருக்காக, காய்ந்தால் கண்ணாடி போல் இறுகும் ரெசின் திரவத்தை ஊற்றும்போது அதில் துளி வெள்ளைச் சாயம் கலந்துவிடுங்கள். ஐந்து பேர் குளித்த சோப்பு நீர் கண்ணாடியாகத் தெளிந்து இருக்காது. நுரைக் குமிழிகள் வேண்டவே வேண்டாம், அது திரைப்படக் குளியல். பக்கத்தில் இரண்டு நாற்காலிகளின் முதுகில் ஒரு போர்வையைப் போட்டு மறைப்பு வையுங்கள். தரையில் கந்தல் துணியில் பின்னிய விரிப்பு ஒன்று போதும்.

இனிக் கழிப்பறை. கதவில் பிறை வெட்டுவது இன்று கடைகளில் விற்கும் எல்லாச் சிற்றுருவங்களிலும் இருக்கிறது. பெண்களுக்குப் பிறை, ஆண்களுக்கு நட்சத்திரம் என்று அதற்குக் கதையும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பழைய பண்ணைப் படங்களில் வெறும் பலகைக் கதவுகளே நிறையத் தென்படுகின்றன; வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மேற்பகுதியில் ஒரு துளையோ இடைவெளியோ இருந்தால் போதுமானதாக இருந்தது. அந்த அம்மையார் தம் வீட்டுக் கதவில் பிறை இருந்ததாகச் சொன்னால் ஒழிய அதை விட்டுவிடுங்கள். கால்சட்டையை இறக்கிவிட்டு அமர்ந்திருக்கும் கிழவர் பொம்மையோடு கேலிப் பொருளாக விற்கப்படுபவற்றை இந்த வீட்டின் அருகே கொண்டுவரவே வேண்டாம்.

அளவு என்று பார்த்தால் நான்கடிக்கு நான்கடி, முன்புறம் ஏழடி உயரம், பின்பக்கம் சரியும் கூரை. அதாவது நான்கங்குல அகலமும் ஏழங்குல உயரமும். உள்ளே பலகை இருக்கை ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருக்கட்டும். இரண்டு துளைகள் உள்ளவை சாதாரணம். குழந்தைகளுக்கென்று சிறிய துளை தனியே வெட்டிய வீடுகளும் உண்டு. துளைக்குக் கீழே ஓரங்குல ஆழம் வெற்றிடம் விட்டுக் கறுப்பு பூசுங்கள், எட்டிப் பார்ப்பவருக்கு அடி தெரியக் கூடாது. குழி நிறைந்ததும் வேறிடத்தில் புதுக் குழி தோண்டி இந்தக் குடிலை அப்படியே நகர்த்தி வைப்பார்கள். அதனால் இதற்கு அஸ்திவாரம் கிடையாது, இரண்டு மரச்சட்டங்களின் மேல்தான் நிற்கும். ஹாலோவீன் இரவில் ஊர்ப் பையன்கள் இதைக் குப்புறத் தள்ளிவிட்டு ஓடியதும் அதனால்தான். ஆனால் 1930-களில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசு நடத்திய வொர்க்ஸ் பிராகிரஸ் அட்மினிஸ்ட்ரேஷன் திட்டத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கொல்லைக் கழிப்பறைகள் கட்டித் தரப்பட்டன. அவற்றுக்குக் கான்கிரீட் தளமும், ஈ புகாமல் மூடும் மூடியும், காற்றுப் போக்கியும் உண்டு. உங்கள் அம்மையார் வீட்டினது எந்த வகை என்று கேட்டுவிட்டே அடித்தளத்தைத் தொடங்குங்கள்.

சுவருக்கு 1/16 அங்குலத் தடிமனுள்ள பாஸ்வுட் என்ற மிருதுவான மரத்தின் பட்டைகள் பொருத்தம். அது முக்கால் அங்குலப் பலகைக்குச் சமம். மருத்துவர்கள் நாக்கை அழுத்திப் பார்க்கும் குச்சியும் அதே தடிமன்தான், அகலமும் ஒன்பதங்குலப் பலகைக்கு ஈடாகும். ஆயினும் வளைந்த முனைகளை வெட்டியபின் சுவருக்கு நீளம் போதாது, இருக்கைக்கும் தரைக்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வெயிலிலும் பனியிலும் நரைத்த மரத்தின் நிறம் வேண்டுமானால், முதலில் கெட்டியான தேயிலைச் சாயத்தைப் பூசிக் காயவிட்டு, பிறகு இரும்பு நாரை ஊறவைத்த வினிகரைத் தடவுங்கள். தேயிலையிலுள்ள துவர்ப்பும் இரும்பும் கூடி மரம் சாம்பல் பூத்துவிடும். இதையெல்லாம் ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனெனில் பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது.

உள்ளே ஆணியில், மூலையில் துளையிட்டு நூல் கோத்த, சியர்ஸ் ரோபக் என்ற அஞ்சல்வழி வணிக நிறுவனத்தின் விலைப்பட்டியல் புத்தகம் தொங்கட்டும். அதன் பாதிப் பக்கங்கள் கிழிந்திருக்க வேண்டும், அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று அம்மையாரே உங்கள் குழந்தைகளுக்கு விளக்குவார். அயோவா மக்காச்சோளம் விளையும் மாநிலம் என்பதால், அதே வேலைக்கு ஒரு பெட்டியில் மக்காச்சோளத் தக்கைகளும் கட்டாயம் உண்டு. ஒரு வாளியில் சாம்பல் அல்லது சுண்ணாம்பு, கூரை மூலையில் ஒரு குளவிக்கூடு, வெளியே ஹாலிஹாக் செடிகள். பண்ணை வீட்டுப் பெண்கள் இந்தக் குடிலை மறைக்க அந்த உயரமான பூச்செடியை நட்டார்கள்.

எங்கே வைப்பது என்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வீட்டிலிருந்து ஐம்பதடிக்குக் குறையாத தொலைவில் இதை வைப்பது வழக்கம். உங்கள் அளவில் அது ஐம்பது அங்குலம், நான்கடிக்கும் மேல். எந்த மேசையும் தாங்காது. வீட்டின் சுவரை ஒட்டிவைத்தாலோ பொய்யாகிவிடும். தனி அடித்தளத்தில் அமைத்து, அலமாரியின் மறுகோடியில் வைக்கும்படி கொடுத்துவிடுங்கள். குளிர்கால இரவில் அவ்வளவு தூரம் யாரும் நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகப் படுக்கையறைக் கட்டிலுக்கடியில் மூடியிட்ட பாத்திரம் ஒன்றையும் வையுங்கள்.

இத்தனையும் அவருக்குத் தெரியாமல் செய்து முடிக்க முடியாது. தேநீர் வேளையில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: கதவு எந்தத் திசை பார்த்திருந்தது, உள்ளே கொக்கி இருந்ததா, சனிக்கிழமை முதலில் குளித்தவர் யார், மின்சாரம் எந்த ஆண்டு வந்தது. நீங்கள் வாங்கிய வெள்ளைத் தொட்டிக்கு அந்தக் கடைசிக் கேள்வியில்தான் வாழ்வு. விஸ்கான்சினில் ஜான் மைக்கேல் கோலர் 1883-இல் குதிரைக்கு நீர் வைக்கும் வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, கால்கள் பொருத்தி விற்றதிலிருந்து வளர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது அது. மின்சாரம் வந்த பிறகு அம்மையார் வீட்டிலும் பழைய தொட்டி ஒன்றை வாங்கிக் குளியலறை அமைத்திருக்கக் கூடும். அப்படியானால் பின்னறை ஒன்றைச் சேர்த்து அங்கே வையுங்கள், பொன்னிறக் கால்களுக்கு வெள்ளைச் சாயம் அடித்துவிட்டு. இல்லையென்றால் பெட்டியிலேயே இருக்கட்டும்.

கழிப்பறைக் கதவை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். பரிசைப் பார்க்க வரும் பேரக்குழந்தைகள் ஒவ்வொருவரும் முதலில் அதைத்தான் திறப்பார்கள். உலோகக் கீலை நல்ல எபாக்ஸி பசையோடு ஆணியும் அடித்துப் பொருத்துங்கள்.