சிறிய தொலைநோக்கி வைத்துக்கொண்டு இன்றைக்கும் சூப்பர்நோவா (விண்மீன் வெடித்துச் சிதறும் நிகழ்வு) கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஆனால் முன்பு போல வாய்ப்பு இல்லை. அட்லஸ், இசட்டிஎஃப் போன்ற தானியங்கித் தேடல்கள் வானத்தைத் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டே இருக்கின்றன. எண்ணிக்கையில் அவற்றோடு மோதினால் தோல்விதான். ஆனால் அவை ஓரிடத்தைப் படமெடுத்தால் அடுத்த இடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். நாம் ஒரே விண்மீன் திரளை (கேலக்ஸி) மணிக்கணக்காகப் பார்க்கலாம்.

2016 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் விக்டர் பூஸோ என்பவர் தன் வீட்டுத் தொலைநோக்கியில் புதுக் கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 என்ற திரளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். முதல் படங்களில் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு புள்ளி தோன்றி, அவர் படமெடுக்கும்போதே பிரகாசமானது. வெடிப்பின் அதிர்வலை விண்மீனின் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வரும் கணம் அது. தொழில்முறை வானியலாளர்கள் வருடக்கணக்கில் தேடியது, கேமரா சோதனையில் சிக்கியது! அந்தச் சூப்பர்நோவாவின் பெயர்தான் எஸ்என் 2016ஜிகேஜி.

2023 மே 19 அன்று எம்101 என்ற திரளில் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்ற சூப்பர்நோவாவைக் கண்டவரும் ஒரு அமெச்சூர்தான் (பொழுதுபோக்காக வானைப் பார்ப்பவர்), ஜப்பானின் கோய்ச்சி இடாகாகி. எனக்கு அதைவிட சுவாரசியம் அடுத்து நடந்தது. அழகுக்காக அதே திரளைப் படமெடுத்து வைத்திருந்த பலர் தங்கள் பழைய படங்களைத் தோண்டினார்கள். அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்பே சிலரிடம் அந்தப் புள்ளி பதிவாகியிருந்தது. வெடித்த நேரத்தைக் கணிக்க அந்தப் படங்கள் உதவின.

ஆகவே என் யோசனை: நீங்கள் ஏற்கெனவே திரள்களைப் படமெடுப்பவர் என்றால், படங்களை அடுக்கி மெருகேற்றும் வேலையை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த இரவே ஒரு படத்தைப் பழைய படத்தோடு மாற்றி மாற்றிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் ராபர்ட் எவன்ஸ் இதைக் கேமராவே இல்லாமல், திரள்களின் தோற்றத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு செய்தார். கண்ணால் மட்டுமே 40க்கும் மேல் கண்டுபிடித்தார். நம்மால் ஆகாத காரியம், கணினி போதும்.

புதுப் புள்ளி தெரிந்தால் உடனே குதிக்க வேண்டாம். அரை மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுங்கள். நகர்ந்திருந்தால் சிறுகோள். தொலைநோக்கியைச் சற்று நகர்த்தி எடுத்த படத்திலும் சென்சாரின் அதே பிக்சலிலேயே நின்றால் கேமராக் கோளாறு. இரண்டும் இல்லை, பழைய படங்களிலும் இல்லை என்றால் புதிய வான் புள்ளிகளைப் பதிவுசெய்யும் இணையதளமான டிரான்சியன்ட் நேம் சர்வரில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே பதியலாம். சூப்பர்நோவாதானா, எந்த வகை என்பதை நிறமாலை எடுத்துத்தான் (ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்து) உறுதி செய்வார்கள்.

ஒரு சாதாரணத் திரளில் நூறு வருடத்துக்கு ஒன்றிரண்டு வெடிப்புதான். என்ஜிசி 6946 என்ற திரள் ஒரு விதிவிலக்கு, 1917 முதல் 2017 வரை பத்து! எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் அதையும் எம்101-ஐயும் சொல்வேன்.