சிரியஸின் துணை ஏன் தெரியவில்லை? 70 மி.மீ. டெலஸ்கோப்பில் இரட்டை நட்சத்திரங்கள்

கேள்வி: சென்னைப் புறநகரில் மொட்டை மாடியிலிருந்து பார்க்கிறேன். 70 மி.மீ. ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் வைத்த டெலஸ்கோப், குவியத் தூரம் 700 மி.மீ. கூடவே 25, 10 மி.மீ. ஐபீஸ்களும் உருப்பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸும் வந்தன. வசிஷ்டர், அதாவது மைசார், அழகாக இரண்டாகப் பிரிந்தது. அந்த இடைவெளி 14 வில்விநாடி (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு) என்கிறார்கள். சிரியஸின் துணையும் 11 வில்விநாடி தள்ளித்தானே இருக்கிறது, அது ஏன் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது? மிதுன ராசியின் கேஸ்டர் 25 மி.மீ. ஐபீஸில் நீளமாகத் தெரிகிறது, 10-உடன் பார்லோவையும் போட்டால் மங்கிப்போகிறது. ஆல்ஃபா சென்டாரி ஒரேயடியாகத் துடிக்கிறது. லென்ஸில் கோளாறா? பெரிய டெலஸ்கோப் வாங்க வேண்டுமா?

பதில்: நீங்கள் சொன்னதில் லென்ஸைச் சந்தேகப்பட எதுவும் இல்லை, பெரிய டெலஸ்கோப்பும் இப்போதைக்கு வேண்டாம். நாலு அனுபவத்துக்கும் நாலு வெவ்வேறு காரணம். எல்லாவற்றையும் இடைவெளி என்ற ஒரே கணக்கில் போட்டதால்தான் குழப்பம்.

அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் டாஸ் என்ற பாதிரியார் இரட்டைகளைப் பார்த்துப் பார்த்து ஒரு வாய்ப்பாடு சொன்னார்: 116-ஐ டெலஸ்கோப்பின் விட்டத்தால், மி.மீ. கணக்கில், வகுத்தால் அது பிரிக்கக்கூடிய மிகச் சிறிய இடைவெளி வில்விநாடியில் கிடைக்கும். உங்களுடையதற்கு 1.7. முழு நிலாவின் அகலமே சுமார் 1,800 வில்விநாடி என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு நுணுக்கம் என்று புரியும். ஆனால் அவர் இதைக் கண்டது ஏறக்குறைய சம பிரகாசமுள்ள, ரொம்ப ஒளி இல்லாத ஜோடிகளை வைத்து. ஒன்று விளக்காகவும் மற்றது மின்மினியாகவும் இருந்தால் இந்த வாய்ப்பாடு உதவாது, சிரியஸ் சரியாக அந்த வகை. அதன் பொலிவெண் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) -1.46, துணையுடையது 8.4. அதாவது ஏறத்தாழ 9,000 மடங்கு வித்தியாசம். மைசாரின் இரண்டுக்கும் நடுவே ஐந்து மடங்குகூட இல்லை. சிரியஸுக்கு ஒரு துணை இருந்தே ஆக வேண்டும் என்று 1844-ல் ஜெர்மன் வானியலாளர் பெஸல் சொல்லிவிட்டார், ஆனாலும் அதைக் கண்ணால் பார்க்க 1862 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் அமெரிக்க லென்ஸ் தயாரிப்பாளர் ஆல்வன் கிரஹாம் கிளார்க் புதிதாகத் தயாரான பதினெட்டரை அங்குல லென்ஸைச் சோதித்தபோது. 70 மி.மீ.-ல் அதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அடுத்து கேஸ்டர். இடைவெளி ஐந்தரை வில்விநாடி, இரண்டும் பிரகாசமானவை, உங்கள் லென்ஸுக்குச் சுலபம். பிரச்சினை உருப்பெருக்கத்தில். 700-ஐ 25-ஆல் வகுத்தால் 28 மடங்குதான் வருகிறது, அதில் அந்த இடைவெளி நம் கண்ணுக்கே பிரிப்பது கஷ்டம் என்ற அளவில் நிற்கும், அதனால்தான் நீளமாகத் தெரிந்தது. 10 மி.மீ. ஐபீஸை மட்டும் போடுங்கள், 70 மடங்கில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் நடுவே கறுப்பு இடைவெளியோடு நிற்க வேண்டும். அதன் மேல் பார்லோவையும் சேர்த்தால் 210 மடங்கு. விட்டத்தின் மி.மீ. அளவைப் போல இரண்டு மடங்கு, அதாவது உங்களுக்கு 140, அதைத் தாண்டினால் படம் பெரிதாகுமே தவிரப் புதிதாக எதுவும் தெரியாது. கூடவே வரும் பார்லோக்கள் பெரும்பாலும் பெட்டியை நிரப்ப வைப்பவை என்பது என் அபிப்பிராயம். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் நல்ல 6 மி.மீ. ஐபீஸ் ஒன்று வாங்குங்கள், 117 மடங்கு கிடைக்கும்.

இன்னொரு விஷயம். பழைய புத்தகத்தில் கேஸ்டர் கஷ்டமான ஜோடி என்று போட்டிருந்தால் அதுவும் பொய்யில்லை, 1960களின் கடைசியில் அந்த இடைவெளி சுமார் 2 வில்விநாடிதான். ஒன்றையொன்று சுற்ற நானூற்று ஐம்பது ஆண்டுகளை ஒட்டி எடுத்துக்கொள்ளும் ஜோடி இது. இவை உண்மையிலேயே சுற்றுகின்றன என்று 1803-ல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் காட்டினார். கன்னி ராசியின் போரிமாவுக்குச் சுற்றுக்காலம் 169 ஆண்டு, 2005-ல் அரை வில்விநாடிக்கும் கீழே நெருங்கியிருந்தது, இப்போது 3 வில்விநாடிக்கு மேல் விலகி உங்கள் எல்லைக்குள் வந்துவிட்டது. அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எந்த வருடத்து அளவு என்று கேளுங்கள்.

ஆல்ஃபா சென்டாரி துடிப்பதற்குக் காரணம் காற்று. சென்னையில் அது உச்சத்தில் இருக்கும்போதே அடிவானத்துக்கு மேல் 16 டிகிரிதான், தலைக்கு நேர் மேலே பார்ப்பதைவிட மூன்று மடங்குக்கு மேல் காற்றைத் துளைத்துப் பார்க்கிறீர்கள். ஒரு ஓரம் சிவப்பாகவும் மறு ஓரம் நீலமாகவும் தெரிந்திருந்தால் அதுவும் காற்றின் வேலைதான். மதுரையிலோ கன்னியாகுமரியிலோ இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆனால் நம் பக்கத்திலிருந்து முடியாத காரியம் இல்லை: அது இரட்டை என்று முதலில் கண்டதே புதுச்சேரியிலிருந்துதான், 1689 டிசம்பரில், ழான் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார், ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. அதற்குப் பிறகு அந்த இரண்டும் ஒன்றையொன்று நாலு முறை சுற்றிவிட்டன, ஒரு சுற்றுக்கு 80 ஆண்டு. 2016-ல் 4 வில்விநாடிக்கு நெருங்கி இருந்தன, இப்போது அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தள்ளி நிற்கின்றன. ஜூன் மாதம் இரவு 9 மணியை ஒட்டி, சரியாகத் தெற்கே வரும் நேரத்தில், 70 மடங்கில் வைத்து விடாமல் பாருங்கள். துடிப்பு நடுநடுவே ஒரு கணம் அடங்கும், அந்தக் கணத்தில் பிரிந்து தெரியும்.

காற்றில் உங்கள் கையில் இருப்பதும் உண்டு. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு பத்து மணி வரைகூடச் சூட்டைக் கக்கும், ஏசியின் வெளிப்பெட்டி இருக்கும் பக்கம் பார்ப்பது வீண். டெலஸ்கோப்பை அரை மணி முன்னாலேயே வெளியே வைத்துவிடுங்கள். அப்புறம், நிலவும் தெருவிளக்கும் உங்களை அதிகம் தடுக்காது. நெபுலா, கேலக்ஸி பார்க்கிறவர்கள் ஊரைவிட்டு ஓட வேண்டும், பிரகாசமான இரட்டைகளுக்கு அந்தத் தேவையே இல்லை. இன்னும் சொன்னால், கண்கூசும் ஜோடிகளுக்கு அந்தி வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருப்பதே நல்லது.

எதைப் பார்ப்பது? ஜனவரி, பிப்ரவரியில் ஓரியனின் வாளில் இருக்கும் டிரபீசியம், நெபுலாவுக்குள் நாலு நட்சத்திரம், 70 மடங்கில் நாலும் வரும். மார்ச்சில் தெற்கே காமா வெலோரம்: 41 வில்விநாடி, உங்கள் 25 மி.மீ. ஐபீஸே போதும், வட நாடுகளில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத ஜோடி, நமக்கு 30 டிகிரி உயரத்தில் வருகிறது. ஏப்ரலில் சிம்மத்தின் அல்ஜீபா, பொன் நிறத்தில் இரண்டு, ஐந்து வில்விநாடிக்குச் சற்றுக் குறைவு, எனக்குப் பலரும் புகழும் ஜோடியான, சிக்னஸ் கூட்டத்தின் ஆல்பிரியோவைவிட இதுதான் பிடிக்கும். ஆல்பிரியோவின் மஞ்சளும் நீலமும் ஆகஸ்ட், செப்டம்பரில் மேகம் விட்டால். மே மாதம் மறுபடி வசிஷ்டர்: அருந்ததியையும் சேர்த்து ஒரே பார்வையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரிவது மூன்று புள்ளி, உள்ளே ஆறு நட்சத்திரம். மைசாரில் நாலு, அருந்ததியில் இரண்டு, அருந்ததியின் துணை 2009-ல்தான் அகப்பட்டது. கேஸ்டரிலும் ஆறுதான்.

சிரியஸ் மாதிரி சவால்தான் வேண்டும் என்றால் ஓரியனின் பிரகாசமான நட்சத்திரமான ரைஜலைப் பிடியுங்கள். துணை ஒன்பதரை வில்விநாடி தள்ளி, பொலிவெண் 6.8, வித்தியாசம் சுமார் 500 மடங்கு, காற்று அடங்கிய இரவில் 70 மி.மீ.-ல் முடியும். தெரிந்தது நிஜமா, கண்ணின் கற்பனையா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. டெலஸ்கோப்பை அசைக்காமல் விட்டால் நட்சத்திரம் எந்தப் பக்கம் நகர்ந்து வெளியேறுகிறதோ அதுதான் மேற்கு. டெலஸ்கோப்பின் முனையைக் கொஞ்சம் வடக்கே தள்ளுங்கள், வட்டத்துக்குள் புதிதாக நட்சத்திரங்கள் நுழையும் பக்கம் வடக்கு. இப்படிச் செய்தால் ஐபீஸுக்கு முன்னால் இருக்கும் சாய்வுக் கண்ணாடி இடவலத்தை மாற்றிக் காட்டுவது உங்களைக் குழப்பாது. ரைஜலின் துணை தெற்கே, சற்று மேற்காகச் சாய்ந்து இருக்க வேண்டும். வேறு பக்கம் தெரிந்தால் அது துணை இல்லை.