டீசல் ஃபோர் வீல் டிரைவ் கார்கள்: சாலையில் கிடைக்கும் மைலேஜ் என்ன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டீசல் ஃபோர் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்களிடமிருந்தும் வாங்க நினைப்பவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகாரைச் சொல்கின்றன: நான்கு சக்கரமும் இழுப்பதால்தான் டீசல் கரைகிறது என்று. இந்தப் பழியில் பெரும்பகுதி தவறான இடத்தில் விழுகிறது என்பது என் உறுதியான கருத்து. எடை, வேகம், டயர், குறுகிய ஓட்டம் ஆகியவைதான் டேங்கைக் காலி செய்கின்றன.

ஜீப் காம்பஸ் டீசல் 4x4 (நான்கு சக்கர இழுவை) ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறேன். லிட்டருக்கு 14.9 கிலோமீட்டர் என்றார்கள். கோவை நகருக்குள் 10-ஐத் தாண்டவில்லை. வண்டியில் கோளாறா?

கோளாறு இல்லை. அந்த எண் ஆய்வகத்தில் கிடைத்தது. காரை உருளைகளின் மேல் நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, 20 நிமிடத்துக்கும் குறைவான நேரம் ஓட்டி அளக்கிறார்கள். உச்ச வேகம் 90 கிலோமீட்டர். அதுவும் சிறிது நேரமே. மேடு, பள்ளம், எதிர்க்காற்று, சிக்னலில் ஐந்து நிமிடம் நிற்பது எதுவும் அதில் கிடையாது. ஒரு காரை இன்னொரு காருடன் ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் மாதச் செலவைக் கணிக்க உதவாது.

இந்த எடையுள்ள ஆட்டோமேட்டிக் டீசல் கார் நெரிசலில் 9 முதல் 11 கொடுத்தால் நலமாக இருக்கிறது என்று பொருள். நெடுஞ்சாலையில் சீராக 80, 90-ல் போனால் 14-ஐ ஒட்டி வர வேண்டும். அங்கேயும் 10 என்றால்தான் பணிமனைக்குப் போக வேண்டும்.

அளப்பதற்கு முன் இன்னொன்று: டேஷ்போர்டில் தெரியும் சராசரியை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் அது சற்றுக் கூட்டியே காட்டும். பங்கில் நாசில் தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். ரவுண்டாக வரட்டும் என்று மேலும் ஊற்றச் சொல்லாதீர்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதே பங்கில், அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒருமுறை பார்த்து முடிவு கட்ட வேண்டாம். மூன்று நான்கு முறை நிரப்பிச் சராசரி எடுங்கள்.

அதே எஞ்சினில் 4x2 (இரண்டு சக்கரம் மட்டும் இழுப்பது), 4x4 இரண்டும் கிடைக்கின்றன. 4x4 எடுத்தால் மைலேஜ் எவ்வளவு குறையும்?

பலர் அஞ்சும் அளவுக்குக் குறையாது. மேலே சொன்ன காம்பஸின் மேனுவல் கியர் டீசலையே பாருங்கள். அதற்கு நிறுவனம் அறிவித்தது 4x2-க்கு 17.1, 4x4-க்கு 16.3. வித்தியாசம் 5 சதவீதத்துக்கும் குறைவு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்குக் கூடுதல் செலவு நான்கு லிட்டர்கூட வராது. பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டு, இழுவையை இடது வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஆகியவற்றின் எடையும் உராய்வும்தான் அந்த 5 சதவீதம்.

டொயோட்டா ஃபார்ச்சூனர், மஹிந்திரா தார் போன்றவற்றின் கதை வேறு. சாதாரணமாக அவை பின்சக்கர இழுவையில்தான் ஓடும். தேவைப்பட்டால் நாம்தான் நான்கு சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் அப்படி மாற்றி ஓட்டவே கூடாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள்கின்றன. இரண்டையும் இறுக்கிப் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் தண்டுகள் முறுக்கேறும், டயர் தேயும், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். டீசல் வீணாவது அடுத்த கவலைதான்.

தோட்டத்துச் சேற்றுப் பாதையோ எஸ்டேட் ரோடோ உங்கள் வாழ்க்கையில் இருந்தால் 4x4 வாங்குங்கள். தார்ச்சாலையை விட்டு இறங்கவே மாட்டீர்கள் என்றால் வேண்டாம். அதற்குக் காரணம் மைலேஜ் அல்ல, விலை.

ஃபார்ச்சூனரில் ஆறு பேரும் பெட்டிகளுமாக மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறினோம். மைலேஜ் 7 தான் காட்டியது. இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் ஈடுகட்டிவிடலாம் என்கிறார் டிரைவர். செய்யலாமா?

முதலில், அந்த 7 நல்ல எண். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆட்களோடும் பெட்டிகளோடும் உங்கள் வண்டி ஏறத்தாழ 2,600 கிலோ. அதை 1,900 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் 48 மெகாஜூலுக்கு மேல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 36 மெகாஜூல். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் எஞ்சின் சக்கரத்துக்குக் கொடுக்கும்; மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக, தூக்குகூலி மட்டுமே நான்கு லிட்டர். குன்னூர் வழியாக சுமார் 50 கிலோமீட்டரைச் சமதளத்தில் கடக்கவே இன்னொரு நான்கு லிட்டர் ஆகும். இரண்டையும் கூட்டினால் கணக்குப்படி 6-க்கும் 7-க்கும் இடையில்தான் வர வேண்டும். உங்கள் டிரைவர் நிதானமாகத்தான் ஏறியிருக்கிறார்.

ஆனால் இறக்கத்தைப் பற்றி அவர் சொல்வது தவறு, ஆபத்தும்கூட. இன்றைய டீசல் எஞ்சினில் கியர் போட்டபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் இன்ஜெக்டர்கள் டீசல் விடுவதையே நிறுத்திவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுற்றும், செலவு பூஜ்ஜியம். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் எரிந்தாக வேண்டும். அதாவது நியூட்ரலில்தான் செலவு அதிகம். அதோடு 2,600 கிலோவையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் தொடர்ந்து மிதித்துப் பிரேக் சூடேறினால் மிதித்தாலும் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கச் சொல்லுங்கள். குடும்பத்தை உட்காரவைத்துக்கொண்டு நியூட்ரலில் மலை இறங்குபவரிடம் நான் சாவியைக் கொடுக்க மாட்டேன்.

போனது வந்தது இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 10, 11 வரும்.

ஃபார்ச்சூனருக்கு 265/60 ஆர்18-க்குப் பதில் 265/65 ஆர்18 அளவில் ஏ.டி. (எல்லாப் பாதைக்குமான) டயர் போட்டேன். மைலேஜ் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் விழுந்துவிட்டது.

உண்மையான இழப்பு அவ்வளவு இல்லை. புதிய டயரின் சுற்றளவு சுமார் 3.4 சதவீதம் கூடுதல். மீட்டர் 1,000 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 1,034 ஓடியிருக்கிறது. எனவே 11 என்று வந்தால் அது 11.4. மீதியுள்ள குறைவு நிஜம்: ஆழமான வெட்டுகளும் கூடுதல் எடையும் உருளும்போது அதிகத் தடை தருகின்றன. ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டலாம் என்பதால் ஜி.பி.எஸ்.ஸுடன் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கூரையில் காலி கேரியர் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

சென்னை–மதுரை சாலையில் 90-ல் போனால் 15, 120-ல் போனால் 11. இவ்வளவு வித்தியாசமா?

ஆமாம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90-லிருந்து 120-க்குப் போனால் அது 78 சதவீதம் கூடுகிறது. உயரமான, அகலமான முகப்புள்ள இந்த வகைக் கார்களுக்கு அது இன்னும் உறைக்கும். தவிர, நம் தேசிய நெடுஞ்சாலைகளில் கார்களுக்கு உச்ச வரம்பு 100 தான்.

அலுவலகம் நான்கு கிலோமீட்டர்தான். பி.எஸ்.6 டீசல் எஸ்.யூ.வி. சில நாட்களில் எஞ்சினை அணைத்த பிறகும் மின்விசிறி பலமாக ஓடுகிறது. அன்றைக்கு மைலேஜ் 6-க்கு இறங்கிவிடுகிறது.

புகைக்குழாயிலுள்ள டி.பி.எஃப். என்னும் கரி வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள முயல்கிறது, சகோதரி. சேர்ந்த கரியை எரிக்கக் கூடுதல் டீசலைச் செலுத்தி வெப்பத்தை ஏற்றுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். வேலை பாதியில் நின்று, மறுநாள் முதலிலிருந்து தொடங்குகிறது. அந்த 6-க்குக் காரணம் இதுதான்.

வாரம் ஒருமுறையாவது கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ புறவழிச் சாலையிலோ 60-க்கு மேல் 20 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். ஆயில் குச்சியையும் பாருங்கள். அளவு கூடியிருந்தால் எரியாத டீசல் ஆயிலில் கலக்கிறது என்று பொருள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ஓட்டம் எப்போதும் இவ்வளவுதான் என்றால், அடுத்த கார் டீசலாக இருக்க வேண்டாம்.

பிரீமியம் டீசல் போட்டால் மைலேஜ் கூடுமா?

விலை வித்தியாசத்தை ஈடுகட்டும் அளவுக்குக் கூடாது. சாதாரண பி.எஸ்.6 டீசலே போதும். அந்தப் பணத்தில் டயர்களின் காற்றழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்றை வாங்குங்கள்.

பழைய ரெனோ டஸ்டர் டீசல் ஏ.டபிள்யூ.டி. (நான்கு சக்கர இழுவை) விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

ஒரகடத்தில் தயாரான அந்த வண்டி மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1.5 லிட்டர் எஞ்சின், குறைந்த எடை, ஆறு கியர் மேனுவல். இந்தப் பக்கத்தில் பேசிய பெரிய வண்டிகள் எதுவும் மைலேஜில் அதன் பக்கத்தில் வராது. முதல் கியர் மிகச் சிறியது என்பதால் நகரத்தில் இரண்டாவதிலேயே கிளம்பப் பலர் பழகிக்கொள்கிறார்கள்.

இழுவை முறையை மாற்றும் திருகியை 2டபிள்யூ.டி. (இரண்டு சக்கர இழுவை), ஆட்டோ, லாக் மூன்றிலும் வைத்து ஓட்டிப் பாருங்கள். மண்பாதையில் லாக் போட்டு மெதுவாக ஏற்றும்போது பின்சக்கரம் இழுக்கிறதா என்று வெளியே நின்று ஒருவர் கவனிக்கட்டும். நான்கு டயரும் ஒரே நிறுவனத்துடையதாக, ஒரே அளவு தேய்ந்ததாக இருக்க வேண்டும். இரண்டு புதிதும் இரண்டு பழையதுமாக நெடுநாள் ஓடியிருந்தால் பின்சக்கரங்களுக்கு இழுவையை அனுப்பும் கிளட்ச் ஓயாமல் உழைத்துத் தேய்ந்திருக்கும். அதை மாற்றும் செலவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்.