மகளுக்கு முதல் பிஸ்டல்: கடன் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 52,000 ரூபாய் வருகிறது. எல்லாச் செலவும் போக 7,000 மிஞ்சும். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதைப் பார்த்ததிலிருந்து துப்பாக்கி சுடுதலில் பித்தாக இருக்கிறாள். ஏழு மாதமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி, கிளப் துப்பாக்கியில். சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். கடையில் 2 லட்சம் சொல்கிறார்கள். தனிநபர் கடனா, நகைக்கடனா, செல்வமகள் கணக்கில் எடுக்கலாமா? வங்கியில் 80,000 இருக்கிறது. 1 லட்ச ரூபாய்ச் சீட்டு ஒன்றும் ஓடுகிறது, இன்னும் பத்து மாதம் பாக்கி.

பதில்: செல்வமகளை முதலில் மறந்துவிடுங்கள். பெண் பத்தாம் வகுப்பு தேறிய பிறகோ 18 வயது ஆன பிறகோதான் அதில் பாதி வரை எடுக்க முடியும், அதுவும் மேற்படிப்புக்கு மட்டும். பிஸ்டலுக்குத் தர மாட்டார்கள். தந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்; 8.2 சதவீத வட்டி வேறு எங்கே கிடைக்கிறது?

அடுத்து தனிநபர் கடன். 2 லட்சத்தை 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் தவணை மாதம் 6,800 ரூபாயைத் தாண்டும். வட்டி மட்டும் 46,000 ரூபாய். உங்களிடம் மிஞ்சுவதே 7,000. இந்த விளையாட்டில் செலவு பிஸ்டலோடு முடிவதில்லை, யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். ஒரு போட்டிக்கு 60 குண்டு. பயிற்சியில் ஒரு நாளைக்கு 100, வாரம் நான்கு நாள் என்றால் மாதம் 1,700 பெல்லட் (ஏர் பிஸ்டல் குண்டு). 500 பெல்லட் கொண்ட டப்பா ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 3,400 ஆகிறது. இப்போது நீங்கள் செலவழிப்பது இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவள் முன்னேற முன்னேற ஏறும். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று போனால் நுழைவுக் கட்டணம், பஸ், தங்குமிடம் எல்லாம் தனி. கடனில் வாங்கினால் கையில் பிஸ்டல் இருக்கும், போடக் குண்டு இருக்காது.

ஒரு நல்ல செய்தி: ரைபிளுக்கு வேண்டிய கனமான ஜாக்கெட், பேன்ட் செலவு பிஸ்டலில் இல்லை. அப்புறம், பெல்லட் போடாமல் வெறும் சுவரைப் பார்த்துக் குறிவைத்துச் சுடும் டிரை ஃபயரிங் பயிற்சிக்குக் காசே இல்லை. பெரிய வீரர்களும் அதைத்தான் மணிக்கணக்கில் செய்கிறார்கள்.

சரி, பிஸ்டலுக்கு வருவோம். கடையில் ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு ஸ்பிரிங் வைத்த ஏர் பிஸ்டல்கள் கிடைக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள். போட்டிப் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்கினால் போதும், லேசான இழுப்பிலேயே சுடும். அந்தப் பொம்மைகளின் டிரிகரோ கடா முடா என்று இழுக்கும். பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் வந்துவிடும், அதைச் சரிசெய்வது பிஸ்டலைவிடச் செலவு. ஸ்டெயர், வால்தர், மொரினி, பார்டினி என்ற கம்பெனிப் பெயர்களைத்தான் கிளப்பில் கேட்டிருப்பீர்கள். இவற்றின் உச்ச மாடல்களுக்குத்தான் நீங்கள் சொன்ன விலை. ஹேமர்லி ஏபி20, ஸ்டெயர் எல்பி2 போன்றவை புதிதாகத் தொடங்குபவர்களை மனதில் வைத்துச் செய்தவை, விலையும் குறைவு. எலெக்ட்ரானிக் டிரிகர் இப்போதைக்கு வேண்டாம், மெக்கானிக்கல் போதும்.

என் யோசனை, கைமாறி வரும் பிஸ்டல். மேலே போகும் வீரர்கள் மாடலை மாற்றும்போது பழையதை விற்பார்கள், கிளப்பில் சொல்லி வைத்தால் தகவல் வரும். நல்ல பிஸ்டல் பல வருடம் உழைக்கும், நீங்கள் விற்கும்போதும் விலை அதிகம் இறங்காது. ஆனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: காற்றடைக்கும் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. சிலிண்டருக்கு ஆயுள் பத்து வருடம். அதைத் தாண்டியதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். எட்டு வருடச் சிலிண்டரோடு வரும் பிஸ்டல் ‘மலிவு’ என்றால், புதுச் சிலிண்டர் விலையையும் கூட்டிவிட்டுச் சொல்லுங்கள். பில்லும் சீரியல் எண்ணும் கேட்டு வாங்குங்கள். சீல் (காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) மாற்றுவது, ரிப்பேர் போன்ற வேலையை யார் செய்து தருவார்கள் என்றும் விசாரியுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கே போட்டி நடுவில் பிஸ்டல் பழுதாகி நேரம் போனது நினைவிருக்கும்.

கைப்பிடி இன்னொரு விஷயம். உள்ளங்கைக்கு ஏற்றபடி மரத்தில் செதுக்கிய கிரிப், அளவு வாரியாக வரும். வலக்கை வேறு, இடக்கை வேறு. 13 வயதுக் கை இன்னும் வளரும். இன்று கச்சிதமாகப் பொருந்துவது அடுத்த வருடம் இறுக்கும். அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

லைசென்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டு பாயும் சக்தி 20 ஜூலுக்கும் மிகாத ஏர் பிஸ்டலுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டிப் பிஸ்டல்களின் சக்தி அதில் பாதியைக்கூடத் தொடாது. அடையாள அட்டை கேட்பார்கள், உங்கள் பெயரில் வாங்குங்கள். வீட்டில் பூட்டிய பெட்டியில் வைத்துச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்? சீட்டு இருக்கிறதே. அவசரப்பட்டு ஏலத்தில் தள்ளி எடுக்காமல் கடைசி வரை இருங்கள். பத்து மாதத்தில் வருவதுதான் உங்கள் பிஸ்டல் பட்ஜெட், 1 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். அதுவரை கிளப் துப்பாக்கி. அந்த 80,000 உங்கள் வீட்டின் இரண்டு மாதச் செலவுக்குக்கூடக் காணாது, அதைத் தொடாதீர்கள். மிஞ்சும் 7,000-ல் 4,000 ரூபாய்க்கு இப்போதே வங்கியில் ஒரு ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) தொடங்குங்கள், போட்டிப் பயணத்துக்கும் பெல்லட்டுக்கும். பத்து மாதம் கழித்தும் மகளுக்கு இதே பித்து இருந்து, நல்ல பிஸ்டல் ஒன்று சிக்கி, பத்து பதினைந்தாயிரம் குறைந்தால், அந்தத் தொகைக்கு மட்டும் வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள். தனிநபர் கடனைவிட வட்டி குறைவு, சில மாதத்தில் மீட்டுவிடலாம்.

பயிற்சியாளரிடம் நாளைக்கே ஒன்று கேளுங்கள்: அவள் கைக்கு இப்போது எந்த அளவு கிரிப், கிளப்பில் அடுத்து யார் பிஸ்டல் மாற்றப் போகிறார்கள்?