இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லையா? எதோடு சேர்த்துப் போடுகிறீர்கள் என்று பாருங்கள்

ஏற்காட்டிலிருந்து கர்ப்பிணி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “இது ஆறாம் மாதம். மூன்றாம் மாதத்தில் 10.4 இருந்த ரத்தம் இப்போது 9.2. நர்ஸக்கா கொடுத்த மாத்திரையைக் காலையில் காப்பி குடித்த கையோடு, கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போட்டுவிடுகிறேன். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. அத்தை பீட்ரூட் ஜூஸும் ஜவ்வரிசிக் கஞ்சியும் தருகிறார். மாத்திரையை நிறுத்திவிடட்டுமா டாக்டர்?”

நிறுத்தாதீர்கள். உங்கள் மாத்திரை மேல் தப்பில்லை, அது உடம்பில் சேரத்தான் வழியில்லை. காப்பி, டீயில் இருக்கிற துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், கால்சியமும் இரும்பை உள்ளே போகவிடாது. நீங்கள் காலையில் மூன்றையும் ஒன்றாக அனுப்புகிறீர்கள்.

காப்பித் தோட்டத்து நடுவில் குடியிருப்பவரிடம் காப்பியையே விடு என்று சொல்ல எனக்கு மனசில்லை. நாளைக்கு இரண்டு சின்ன டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மாத்திரைக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். கால்சியம் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு போடுங்கள். இரும்பு மாத்திரையை ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போடுங்கள். பால் வேண்டாம். தூங்கிவிடுவதால் குமட்டலும் அவ்வளவாகத் தெரியாது, அப்படியும் தாங்கவில்லை என்றால் சாப்பிட்டவுடனே போடுங்கள். கொஞ்சம் குறைவாகச் சேரும், ஆனால் போடாமல் விடுவதற்கு அது எவ்வளவோ மேல். மலம் கறுப்பாவது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் ரத்த அளவை, அதாவது ஹீமோகுளோபின் அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட வேகமாகக் கூடுவதால் நடு மாதங்களில் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயல்புதான். அதனால்தான் பொதுவாகக் குறைந்தது 11 இருக்க வேண்டும் என்கிற அளவை அந்த மாதங்களில் மட்டும் 10.5 என்று வைத்திருக்கிறார்கள். உங்களுடைய 9.2 அதற்கும் கீழே. அதோடு, சேர்வராயன் மலை மாதிரி உயரமான இடத்தில் இருப்பவர்களுக்கு இந்த எண் இயல்பாகவே சற்றுக் கூடுதலாகக் காட்டும், அதனால் சேலத்தில் இருக்கும் ஒருவரின் 9.2-ஐவிட உங்களுடையதை நான் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடுதான் பார்ப்பேன். அரசு கொடுக்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ரத்தசோகை இல்லாதவர்களுக்கு நாளைக்கு ஒன்று போதும், உங்கள் அளவுக்கு வழக்கமாக இரண்டு தருவார்கள். ஒன்றுதான் போடுகிறீர்கள் என்றால் அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

அத்தை பாசமாகத்தான் தருகிறார். சேலத்து ஜவ்வரிசி எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போடுகிறது, ஆனால் அது மரவள்ளிக்கிழங்கின் மாவுச்சத்து. வயிறு நிறையும், இரும்பு கிட்டத்தட்ட இல்லை. பீட்ரூட்டும் நிறத்தில்தான் ரத்தம், இரும்பு கொஞ்சம்தான். அந்தக் கஞ்சிக்குப் பதில் கம்பங்கூழ் கேளுங்கள். முருங்கைக்கீரை, தட்டைப்பயறு எது செய்தாலும் எலுமிச்சை பிழியுங்கள், இல்லையா, உங்கள் மலையிலேயே விளைகிற ஆரஞ்சோ கொய்யாவோ சாப்பாட்டோடு ஒன்று சாப்பிடுங்கள். புளிப்புப் பழத்தில் உள்ள வைட்டமின் சி, கீரை, பயறில் இருக்கும் இரும்பை உடம்பில் சேர வைக்கும். கறி சாப்பிடுகிறவர் என்றால் சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலை, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், கறியில் இருக்கும் இரும்புதான் உடம்பில் சுலபமாக ஒட்டும். ஈரல் மட்டும் அடிக்கடி வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். ஆனால் 9.2-ஐச் சாப்பாடு மட்டுமே தூக்கிவிடாது, மாத்திரை கட்டாயம் வேண்டும்.

இப்படி ஒரு மாதம் போட்டுவிட்டு மறுபடி ரத்தம் பாருங்கள். சுமார் 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டுவது), வைட்டமின் பி12, தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். தேவைப்பட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள், பிரசவத்துக்கு முன் ரத்தம் தேற அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மயக்கம் வந்தாலோ அந்த மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.