மூலைகள் மட்டும் கருகுகின்றன என்றால்

3018 வகைச் சிறு மில்லிங் (மரம் செதுக்கும்) இயந்திரத்தில் நீல லேசரை மாட்டியபின் எழுத்துகளின் மூலைகள் மட்டும் கருகுவதாக எழுதியிருக்கிறீர்கள். லேசரில் பழுதில்லை. திரும்பும் இடத்தில் இயந்திரம் வேகத்தைக் குறைக்கிறது. ஒளியின் திறனோ குறைவதில்லை. இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலர் பலகையில் ஜிஆர்பிஎல் 1.1 என்ற இயக்க நிரல் இருந்தால், லேசர் முறைக்கு மாற்றும் $32=1 அமைப்பைக் கொடுத்து, திறனை மாறாமல் வைக்கும் எம்3க்குப் பதில் எம்4 கட்டளையைப் பயன்படுத்துங்கள். வேகம் குறைந்தால் திறனும் குறையும், நின்றால் அணைந்துவிடும். முழுத் திறனுக்கான எண்ணைக் குறிக்கும் $30 மதிப்பும், கணினி மென்பொருள் அனுப்பும் உச்ச எஸ் (திறன் அளவு) மதிப்பும் ஒன்றாக இருக்கட்டும்; $30 1000, எஸ் 255 என்றிருந்தால் கால்பங்குத் திறன்தான் கிடைக்கும். மீண்டும் மில்லிங் செய்யும்போது $32=0 ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் மோட்டார் வேகம் பிடிக்கும் முன்பே கட்டர் மரத்தில் இறங்கிவிடலாம். லேசருடன் இலவசமாக வரும் பச்சைப் பாதுகாப்புக் கண்ணாடியை நான் நம்பமாட்டேன். நீல லேசரின் அலைநீளமான 450 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.