கால்வெஸ்டனில் கப்பல் ஏறுவதற்கு முன்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். டாலஸ் வந்து எட்டு மாதம். நீங்கள் எச்-1பி வேலை விசா, மனைவி அதைச் சார்ந்த எச்-4, ஆறு வயதில் மகள். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் பி-2 சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார்கள். மார்ச் நடுவில் ஸ்பிரிங் பிரேக்கின்போது டெக்சாஸ் துறைமுகமான கால்வெஸ்டனிலிருந்து மெக்சிகோவின் கோசுமெல், ப்ரோக்ரெசோ போய்த் திரும்பும் ஐந்து இரவுக் கப்பல். கூட வர நினைக்கும் நண்பர் குடும்பத்துக்கு ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா) காலாவதி ஆகிவிட்டது. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

காகிதத்திலிருந்து தொடங்குங்கள். ரூம், சாப்பாடு, சுற்றுலா எல்லாம் பிறகு. நாம் கப்பல் ஏறினால் அமெரிக்காவை விட்டு வெளியேறுகிறோம். ஆறாம் நாள் காலை மறுபடி உள்ளே நுழைகிறோம். டிக்கெட் விற்கும் தளங்கள் "இங்கேயே கிளம்பி இங்கேயே திரும்பும் பயணம், பிறப்புச் சான்றிதழ் போதும்" என்று எழுதியிருக்கும். அது அமெரிக்கக் குடிமக்களுக்கான சலுகை. நமக்கு பாஸ்போர்ட்டும் செல்லுபடியாகும் விசாவும் வேண்டும்.

மெக்சிகோவுக்குத் தனி விசா எடுக்க வேண்டாம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்திய பாஸ்போர்ட்டில் அங்கே இறங்கலாம். உங்கள் மூவருக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். முதல் பயணத்துக்கு இந்த வழித்தடத்தை நீங்கள் தேர்ந்தெடுத்தது சரி என்று சொல்வதற்கு முதல் காரணமே இதுதான், இரண்டு துறைமுகமும் ஒரே நாட்டில். மூன்று நாடு தொடும் பயணம் என்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாக விசா விதி பார்க்க வேண்டும். ஒன்றில் தவறினாலும் ஏறுமிடத்திலேயே நிறுத்திவிடுவார்கள், கட்டிய பணமும் போகும்.

நண்பர் விஷயம் வேறு. ஸ்டாம்பிங் முடிந்திருந்தாலும் செல்லுபடியாகும் ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) இருந்தால், மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ மட்டும் 30 நாளுக்குள் போய்வருபவர்களை அமெரிக்கா திரும்ப உள்ளே விடும். ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் மெக்சிகோ தரும் விலக்கு செல்லுபடியாகும் விசா வைத்திருப்பவர்களுக்கு. ஆகவே அமெரிக்கா விட்டாலும் கப்பல் நிறுவனம் ஏற்றாமல் போகலாம். மெக்சிகோ விசாவைத் தனியாக எடுத்து, கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்காமல் அவர்கள் பணம் கட்ட வேண்டாம். இந்தச் சலுகை எச் விசாக்காரர்களுக்கு பஹாமாஸ் போன்ற தீவுகளுக்குக் கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

குடியேற்ற மனுக்களைப் பார்க்கும் யூஎஸ்சிஐஎஸ்ஸில் ஏதாவது மனு நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் மனைவி எச்-4-லிருந்து மாணவர் விசாவுக்கோ வேறு எதற்கோ ஸ்டேட்டஸ் மாற்றக் கேட்டிருந்து, முடிவு வராத நிலையில் நாட்டை விட்டு வெளியேறினால், அந்த மாற்ற மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். கிரீன் கார்டுக்கு ஐ-485 மனு போட்டு வேலை அனுமதி அட்டையை மட்டும் நம்பியிருப்பவர்கள் அட்வான்ஸ் பரோல் என்ற முன் பயண அனுமதி இல்லாமல் கப்பல் ஏறவே கூடாது. ஐந்து நாள் விடுமுறைக்குப் போய் பல வருடக் காத்திருப்பைத் தொலைக்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டின் கடைசித் தேதி இரண்டு விதத்தில் முக்கியம். திரும்பும் நாளிலிருந்து ஆறு மாதமாவது மீதம் இருப்பது நல்லது, இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. எச்-1பி 2028 வரை இருந்து பாஸ்போர்ட் 2027-இல் முடிகிறது என்றால், திரும்பும்போது அதிகாரி புது ஐ-94-ஐ பாஸ்போர்ட் முடியும் தேதி வரைக்கும் மட்டும் கொடுத்துவிடலாம். அதைக் கவனிக்காமல் விட்டால், அந்தத் தேதிக்குப் பிறகு நீங்கள் இருப்பது அனுமதியில்லாத தங்கல் ஆகிவிடும். அதனால் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தால் முதலில் அதை முடியுங்கள். கடைசியாக வந்த மனு ஒப்புதல் கடிதமான ஐ-797-இன் அசலைக் கையில் வைத்திருங்கள், மனைவிக்கும் மகளுக்கும் உரியதையும் சேர்த்து. திரும்பி வந்த சில நாளில் ஐ-94 தளத்தில் ஐந்து பேருக்கும் தேதியைச் சரிபார்த்துப் பதிவிறக்கி வையுங்கள். பெற்றோருக்கு இந்தப் பயணத்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். பழைய தேதியே தொடரும் என்று வைத்துக்கொண்டு ஊர் டிக்கெட் போடுங்கள்.

பெயர் இன்னொரு சிக்கல், அதுவும் நம்மவர்களுக்கே உரியது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அவர் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும். கப்பல் பதிவிலும் விசாவில் உள்ளபடியே போடுங்கள். இன்ஷியலை விரித்து எழுதுவது, தாத்தா பெயரைச் சேர்ப்பது எதுவும் வேண்டாம். போட்டபின் நிறுவனத்துக்கு போன் செய்து, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் என்று பதிவில் குறிக்கச் சொல்லுங்கள்.

இப்போது ரூம். விளம்பரத்தில் போடும் விலை ஒரு ரூமில் இருவர் என்ற கணக்கில் தலைக்கு இவ்வளவு என்பது; வரியும் துறைமுகக் கட்டணமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிப்ஸ் தனி. தலைக்கு நாளொன்றுக்கு 17 டாலர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு ஐந்து நாளுக்கு 425 டாலர். மகளுக்கும் உண்டு. முழுப் பணமும் கிளம்ப 75 முதல் 90 நாளுக்கு முன் கட்டி முடிக்க வேண்டியிருக்கும். அந்தத் தேதிக்கு முன் ரத்து செய்தால் இழப்பு குறைவு, பின்னால் போகப் போகக் கூடும். ஸ்பிரிங் பிரேக் வாரம் சீக்கிரம் நிரம்பும்.

ஐந்து பேரை ஒரே ரூமில் அடைக்காதீர்கள். மேலேயிருந்து இறங்கும் படுக்கையில் பெரியவர்கள் ஏற முடியாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரூம் எடுங்கள்; நடுவில் கதவு உள்ளதாகக் கேட்டால் இன்னும் நல்லது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் ஆட்டம் மிகக் குறைவு. முன் முனையும் மேல் தளமும் அதிகம் ஆடும். தளப் படத்தை எடுத்துப் பார்த்து, உங்கள் ரூமுக்கு நேர் மேலே நீச்சல் குளத் தளமோ சமையற்கட்டோ இல்லாதபடி, மேலும் கீழும் ரூம்களே இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். அதிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் அப்பாவின் தூக்கத்தைக் கெடுக்கும். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் எடுத்தால் அம்மாவுக்கு நடை குறையும். அந்த நடைபாதைகள் ரொம்ப நீளம். விலை கொஞ்சம் குறைவு, ரூமை நாங்களே ஒதுக்குவோம் என்று ஒன்று இருக்கும், பெரியவர்களோடு போகும்போது அது வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். சைவம் கிடைக்கும். கால்வெஸ்டனிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் பெரும்பாலும் இந்திய சைவ உணவு கேட்டால் செய்து தருவார்கள். ஊழியர்களில் இந்தியர்களும் நிறைய. முதல் நாள் இரவே டைனிங் ரூமின் ஹெட் வெயிட்டரைப் பார்த்து, முட்டையும் வேண்டாம், சூப்பில் கறிச்சாறும் கூடாது என்று தெளிவாகச் சொல்லி, மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று முந்தின இரவே கேட்டுவிடுங்கள். அன்றன்றைக்குக் கேட்டால் செய்ய நேரம் இருக்காது. ருசி வடநாட்டுப் பக்கம்தான் இருக்கும். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத ஊறுகாய், பருப்புப் பொடி பாக்கெட் கொண்டுபோகலாம். வீட்டில் கட்டிய புளியோதரை கூடாது.

ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, சர்ஜ் புரொடெக்டர் வைத்த எக்ஸ்டென்ஷன் பலகை இவை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். கடலில் தீயைவிடப் பெரிய பயம் இல்லை. சர்ஜ் புரொடெக்டர் வீட்டில் பாதுகாப்பு தரும் பொருளாயிற்றே என்று கேட்கலாம். கப்பலின் மின் இணைப்பு வீட்டினது போன்றதல்ல, அங்கே அந்தப் பலகையே சூடாகிப் பற்றிக்கொள்ளும். பெட்டிகள் எக்ஸ்ரேயில் போகும்போது இவை தெரிந்தால் அந்தப் பெட்டி ரூமுக்கு வராது. இரவு எட்டு மணியாகியும் ஒரு பெட்டி வரவில்லை என்றால் காணாமல் போய்விட்டதென்று பதற வேண்டாம், செக்யூரிட்டி மேஜையில் போய்க் கேளுங்கள்.

ஏறும் நாளில் பெரிய பெட்டிகளை வாசலிலேயே போர்ட்டரிடம் கொடுத்துவிடுவீர்கள், சாயங்காலம்தான் கைக்கு வரும். ஆகவே பாஸ்போர்ட், ஐ-797, மருந்து, மகளுக்கு ஒரு மாற்றுத்துணி, நீச்சல் உடை எல்லாம் தோள்பையில். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டு வாசலில் தவிப்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. அப்பாவின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு பத்து நாளைக்கு எடுங்கள்.

இந்தப் பத்து நாள் கணக்குக்குக் காரணம் பனிமூட்டம். மார்ச் வரையிலும் கால்வெஸ்டன் வாய்க்காலில் கடல்பனி இறங்கினால் துறைமுகத்தை மூடிவிடுவார்கள். கப்பல் வெளியே காத்து நிற்கும். திரும்புவது ஒரு நாள்கூடத் தள்ளலாம். மறுநாளே தவிர்க்க முடியாத மீட்டிங் வைக்காதீர்கள். டாலஸிலிருந்து கிட்டத்தட்ட 290 மைல், ஐந்து மணி நேரமாவது ஆகும், முந்தின இரவே வந்து தங்குங்கள். எந்த டெர்மினல் என்று பார்த்து பார்க்கிங்கை முன்பதிவு செய்யுங்கள்; டெர்மினல்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றன.

ஏறியவுடன் செய்ய வேண்டியது மஸ்டர் டிரில், அதாவது ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சி. கப்பல் நிறுவனத்தின் செயலியில் வீடியோ பார்த்துவிட்டு, உங்கள் அட்டையில் போட்டிருக்கும் இடத்துக்கு ஐந்து பேரும் நேரில் போய்ப் பதிய வேண்டும். 2012-இல் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் கவிழ்ந்தபோது பயணிகளில் பலர் அந்த டிரில்லை இன்னும் செய்திருக்கவில்லை. அதன்பிறகு கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ முடித்தாக வேண்டும் என்று விதி மாறியது. முதலில் இதை முடித்துவிட்டு சாப்பிடப் போங்கள்.

வாந்தி, தலைசுற்றல் பற்றி: மார்ச்சில் வடக்கிலிருந்து குளிர்காற்று வந்தால் வளைகுடாவில் கப்பல் நன்றாகவே ஆடும். இதற்கான மெக்லிசின் மாத்திரை, 25 மில்லிகிராம், கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும். தலைசுற்றல் வந்தபின் போட்டால் பெரிதாகப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும். தூக்கம் வரும். 12 வயதுக்குக் கீழே அதைக் கொடுக்காதீர்கள். மகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று அவளுடைய டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவுக்கு கிளாக்கோமாவோ புராஸ்டேட் தொந்தரவோ இருந்தால் அவருக்கும் கேட்காமல் வேண்டாம்.

கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் பில் உங்கள் கணக்கில் ஏறும். பெற்றோரின் விசிட்டர் இன்ஷூரன்ஸ் கப்பலிலும் மெக்சிகோவிலும் செல்லுமா, அவசரத்துக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோகும் செலவைத் தருமா என்று பாலிசியைப் படியுங்கள். இல்லையென்றால் பயணக் காப்பீடு தனியாக எடுங்கள்.

போனை ஏறியதுமே ஏர்பிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் டவரைப் பிடித்தால் பில் எகிறும். வைஃபை வேண்டுமென்றால் முன்கூட்டியே வாங்குவது மலிவு.

கைகழுவும் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். கப்பலில் பரவும், வாந்திபேதி தரும் நோரோவைரஸுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். பஃபேயில் கரண்டி தொட்ட கையோடு மகள் சாப்பிட்டுவிடாமல் பாருங்கள்.

கரையில் இறங்கும்போது கப்பலை விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கடிகாரம். உங்கள் வாரத்தில் இது நேராகப் பொருந்துவதால் விரிவாகச் சொல்கிறேன். மார்ச் இரண்டாம் ஞாயிறு டெக்சாஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். கோசுமெல் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் வருடம் முழுக்க மாற்றுவதில்லை. அந்த ஞாயிறுக்குப் பிறகு டெக்சாஸும் அதுவும் ஒரே நேரம். ஆனால் ப்ரோக்ரெசோ இருக்கும் யுகடான் மாநிலம் ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் கால்வெஸ்டன் நேரத்திலேயே ஓடி, "எல்லோரும் 4 மணிக்குள் ஏற வேண்டும்" என்று சொன்னால், கரையில் உங்கள் போன் தானாக மாறி 3 என்று காட்டும்போதே கெடு முடிந்துவிடும். சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும். இறங்குமிடத்தில் வைத்திருக்கும் பலகையை போட்டோ எடுத்து, மாற்றம் இல்லாத சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

ப்ரோக்ரெசோவில் கடல் ஆழம் குறைவு, அதனால் கப்பல் நிற்கும் பாலம் 6.5 கிலோமீட்டர் நீளம். ஊருக்குள் போக இலவச பஸ் விடுவார்கள். திரும்பும்போது அதற்கு வரிசை நிற்கும், அந்த நேரத்தையும் கழியுங்கள். மாயர்களின் பழைய நகரமான சிச்சேன் இட்சா பார்க்க ஆசையாக இருக்கும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், வெயிலில் நடை வேறு. போவதானால் கப்பல் நிறுவனத்தின் டூரில் மட்டும் போங்கள், அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாரோடு போனால் காத்திருக்காது. பெற்றோருக்கு நான் சொல்வது மெரிடா நகரம். முக்கால் மணி நேரத் தூரம், 1598-இல் கட்டி முடித்த கதீட்ரலுக்கு எதிரே பெரிய சதுக்கத்தில் நிழலில் உட்காரலாம். கோசுமெலில் டாக்ஸிக்கு மீட்டர் கிடையாது, ஏறும் முன் ஐந்து பேருக்கும் சேர்த்துக் கட்டணம் பேசுங்கள். சில்லறை டாலர் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும்.

திரும்பும் நாள் காலையில் பழம், சாண்ட்விச் எதையும் பையில் போட்டு இறங்காதீர்கள், சுங்கத்தில் மாட்டும். ஐந்து பேரும் சேர்ந்தே வரிசையில் நில்லுங்கள். அதிகாரி முன் பெற்றோரைத் தனியாக விடவேண்டாம். எங்கே போனீர்கள் என்று கேட்டால் "ஐந்து நாள் கப்பல், மெக்சிகோ மட்டும்" என்று சொல்ல அவர்களுக்கு முன்னமே சொல்லிவையுங்கள். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கியதும் முத்திரை குத்தியிருந்தால் அதிலுள்ள தேதியை அங்கேயே படியுங்கள். தவறாக இருந்தால் அந்த மேஜையை விட்டு நகரும் முன் கேட்பதுதான் சுலபம்.